வேலியிலை பொட்டு விழுந்தால்: திரும்பி வந்த ஏஎஃப்புக்கு ரெண்டாம் தரம் அப்லேஷனா, குளிசையா, சும்மா விடுறதா

எங்கட வீட்டிலை ரெண்டு பேருக்கு ஒரே வருத்தம். எனக்கு 54 வயசு, சுன்னாகத்திலை சின்ன ஹாட்வெயார் கடை. பெரியம்மாவுக்கு 79, பக்கத்து வளவிலைதான் இருக்கிறா. ரெண்டு பேருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின்ரை மேல் அறை ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கிற வருத்தம், இனி ஏஎஃப் எண்டே எழுதுறன். ரெண்டு பேரும் ஒவ்வொருக்கா கதீட்டர் அப்லேஷன் செய்தனாங்கள், நான் 2023இலை சென்னையிலை, அவ 2019இலை லண்டனிலை மகனோட இருக்கேக்கை. ரெண்டு பேருக்கும் அது திரும்ப வந்திட்டுது. இப்ப சொந்தக்காரர் எல்லாரும் போனிலை கார்டியோலஜிஸ்ட். லண்டன் மச்சான் "திரும்பச் செய்யுங்கோ அத்தான், இஞ்ச எல்லாரும் ரெண்டாம் தரம் செய்யினம்" எண்டுறான், மாமி "ஒருக்காச் செய்து சரிவராதது ரெண்டாந்தரம் மட்டும் சரிவருமோ, காசை நெருப்பிலை போடாதை" எண்டுறா, பெரியம்மா தன்ரை பாட்டிலை "எனக்கு ஒண்டும் வேண்டாம், கந்தன் பாத்துக்கொள்ளுவான்" எண்டு இருக்கிறா. ஆறு மாசமாய் வாசிச்சு, மூண்டு டொக்டர்மாரோட கதைச்சு, கடைசியிலை நான் ஒரு முடிவுக்கும் அவ வேறை முடிவுக்கும் வந்திருக்கிறம், ரெண்டும் சரியெண்டுதான் நினைக்கிறன், ஏன் எண்டுதான் சொல்லப்போறன்.

முதல்லை, ஏன் திரும்ப வருது எண்டு விளங்காமல் ஒண்டையும் ஒண்டோட ஒப்பிட ஏலாது. 1998இலை பிரான்ஸ் போர்தோவிலை ஹைசகேர் எண்ட டொக்டரும் அவற்றை ஆக்களும் 45 பேரைப் பரிசோதிச்சு ஒரு விசயம் கண்டுபிடிச்சவை: இந்தக் கள்ளத் துடிப்பு தொடங்கிற இடங்களிலை 94 வீதம் பல்மனரி வெயினுக்குள்ளை, அதாவது நுரையீரலிலை இருந்து சுத்த இரத்தத்தை இடது மேல் அறைக்குக் கொண்டுவாற குழாயளுக்குள்ளை. பொதுவா நாலு குழாய். அப்ப அப்லேஷன் எண்டால் என்ன, அந்தக் குழாய் வாய்களைச் சுத்தி சூட்டாலையோ குளிராலையோ வடு உண்டாக்கி, உள்ளை இருந்து வாற கரண்ட் வெளியிலை வராமல் ஒரு வேலி அடைக்கிறது. நான் உதை கதியால் நட்டு கிடுகு வரிஞ்ச வேலியாத்தான் நினைச்சுக்கொள்ளுறன். அடைச்ச அண்டைக்கு வடிவா இருக்கும். பேந்து ஒரு இடத்திலை கிடுகு உக்கி பொட்டு விழும், நாய் அதாலை வந்து போகும். சூடு வைக்கேக்கை சில கலங்கள் சாகாமல் வீங்கி மயங்கிக் கிடக்கும், அண்டைக்கு மெஷினிலை பாத்தால் கரண்ட் போகேல்லை எண்டு காட்டும், கிழமைக்கணக்கிலை வீக்கம் வத்த அந்தக் கலங்கள் எழும்பி திரும்பக் கரண்ட் கடத்தத் தொடங்கும். ரெண்டாம் தரம் உள்ளை போய்ப் பாக்கிற டொக்டர்மார் கனக்கக் காணுறது இந்தப் பொட்டைத்தான்.

இது ஏன் முக்கியம் எண்டால், மாமி சொல்லுற "சரிவராதது" எண்ட கதை இஞ்சதான் பிழையாப் போகுது. பொட்டு விழுந்த வேலியைத் திரும்ப அடைக்கிறது ஒரு வேலை, வேலி முழுக்க நல்லா இருக்க நாய் வேறை பக்கத்தாலை வாறது முழுக்க வேறை வேலை. முதலாவதுக்கு ரெண்டாம் அப்லேஷன் நல்ல மருந்து. ரெண்டாவதுக்கு அவ்வளவு உறுதியாச் சொல்லேலாது. கரைச்சல் என்னெண்டால், உள்ளை போய் மப் பண்ணி, அதாவது கரண்ட் ஓடுற பாதையைப் படமா எடுத்துப் பாக்காமல் எது எண்டு வெளியிலை இருந்து நிச்சயமாச் சொல்ல ஏலாது, ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

ஊகிக்கிறதுக்கு உதவுற ஒரு விசயம், எப்ப திரும்ப வந்தது எண்டது. செய்து முதல் ரெண்டு மாசத்துக்குள்ளை வாற படபடப்பைத் தோல்வி எண்டு எடுக்கிறேல்லை, புண் ஆறுற காலத்திலை இதயம் எரிச்சல்பட்டுத் துள்ளும். முந்தி மூண்டு மாசம் எண்டு வைச்சிருந்தவை, 2024இலை வந்த சர்வதேச இணக்க அறிக்கையிலை எட்டுக் கிழமை எண்டு குறைச்சிருக்கினம். அதுக்குள்ளை பதறிப்போய் திரும்ப ஒப்பரேசன் தியேட்டருக்கு ஓடத் தேவையில்லை. எனக்கு 14 மாசம் ஒண்டுமே இல்லை, நல்லூர்த் தேருக்கு வெறுங்காலோட கோயிலைச் சுத்தினனான், களைக்கேல்லை. பேந்துதான் ஒரு நாள் கடையிலை சீமெந்துக் கணக்குப் பாத்துக்கொண்டிருக்கேக்கை நெஞ்சுக்குள்ளை அந்தப் பழைய மீன் துள்ளிச்சுது.

இன்னொரு விசயம், "திரும்ப வந்திட்டுது" எண்ட சொல்லே ஆளை ஏமாத்தும். 2019இலை கனடாவிலை 346 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, எல்லாருக்கும் தோலுக்குக் கீழை சின்ன ரெக்கோடர் வைச்சு ஒரு வருசம் பாத்தவை. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதோ ஒருக்காவாவது திரும்ப வந்திருந்தது. அதைக் கேட்டால் "ஐயோ பாதிக்குப் பாதி தோல்வி" எண்டு வரும். ஆனால் ஏஎஃப்பிலை கழிஞ்ச மொத்த நேரத்தைக் கணக்கெடுத்தால் 98 வீதத்துக்கு மேலை குறைஞ்சிருந்தது. மாசத்திலை மூண்டு நாள் படுக்கையிலை கிடந்த ஆளுக்கு மாசத்துக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் படபடத்தால் அது தோல்வியோ? யாவாரி எண்டபடியா நான் கணக்குக் கொப்பியிலை எழுதத் தொடங்கினனான்: திகதி, எத்தினை மணிக்கு வந்தது, எத்தினை மணிக்கு நிண்டது, அண்டைக்கு என்ன வேலை கெட்டது. முதல் அப்லேஷனுக்கு முந்தி மாசத்துக்கு ஒம்பது பத்துத் தரம், சிலது 14 மணித்தியாலம். திரும்ப வந்த பிறகு மாசத்துக்கு நாலைஞ்சு தரம். உந்தக் கொப்பிதான் எனக்கு முடிவெடுக்கக் கூட உதவினது, எந்த ஸ்கானையும் விட.

வரேக்கை ஒருக்காவாவது ஈசிஜியிலை பிடிச்சு வைக்கிறதும் அவசியம். ஏனெண்டால் அப்லேஷன் செய்த ஆக்களுக்குத் திரும்ப வாறது சில நேரம் ஏஎஃப்பே இல்லை, ஃபிளட்டர் எண்டு ஒரே வட்டத்திலை ஓடுற வேறை துடிப்பு, அதுக்கு வைத்தியமும் அப்லேஷன் செய்யிற இடமும் வேறை. நான் மூண்டு தரம் ஆட்டோ பிடிச்சு ஓடினனான், போய்ச் சேர முதல் நிண்டுபோடும், டியூட்டியிலை நிண்ட பிள்ளை ஈசிஜியைப் பாத்திட்டு "அங்கிள் நோர்மலா இருக்கு" எண்டு என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம். கடைசியிலை மச்சான் அனுப்பின கைக்கடிகாரத்திலைதான் பிடிபட்டது.

சரி, ரெண்டாம் அப்லேஷன். இதுக்கு ஆதாரம் எவ்வளவு? முதல் தரம் செய்யிறதைப் பற்றித்தான் பெரிய ஆய்வுகள் கனக்க, ரெண்டாம் தரத்துக்குக் குறைவு. 2013இலை வந்த ஒண்டிலை, முதல் அப்லேஷன் சரிவராமல் போன, விட்டுவிட்டு வாற ஏஎஃப் உள்ள 154 பேரைச் சரிபாதியாப் பிரிச்சு, ஒரு பகுதிக்குத் திரும்ப அப்லேஷன், மற்றப் பகுதிக்குக் குளிசை குடுத்தவை. மூண்டு வருசத்தாலை துடிப்புக் குழப்பம் இல்லாமல் இருந்தது அப்லேஷன் பக்கம் 58 வீதம், குளிசைப் பக்கம் 12 வீதம். சின்ன ஆய்வுதான், அதை வேதமா எடுக்கேலாது, ஆனால் இடைவெளி பெருசு. 2024 ஐரோப்பிய வழிகாட்டியிலை ரெண்டாம் தரம் செய்யிறதை "யோசிக்க வேணும்" எண்டு போட்டிருக்கினம், கட்டாயம் எண்டு இல்லை, அதிலை என்ரை கண்ணிலை பட்ட ஒரு நிபந்தனை, முதல் தரம் செய்தாப் பிறகு ஆளுக்குச் சுகம் தெரிஞ்சதோ எண்டது. நான் 14 மாசம் புது மனுசன். பெரியம்மாவைக் கேட்டால் "செய்ததுக்கும் செய்யாததுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை மோனை" எண்டுறா. அந்த ஒரு பதிலிலையே பாதி முடிவு இருக்கு.

மற்றப் பாதி எக்கோ ரிப்போட்டிலை. என்ரை இடது மேல் அறை 4.1 சென்டிமீற்றர், கொஞ்சம் பெருத்திருக்கு, துடிப்பு வந்து வந்து போகுது. அவவின்ரை 5.2, துடிப்பு வந்து குந்தினது குந்தினதுதான், இப்ப மூண்டு வருசமாப் போகேல்லை. அறை பெருத்து வடுப் பிடிச்சுப் போனால் கள்ளன் குழாய்க்குள்ளை மட்டும் இல்லை, முத்தம் முழுக்க நிக்கிறான். அப்ப கூடக் கோடு கீறிக் கூட இடத்தைச் சுட்டால் என்ன எண்டு கேட்பியள், நானும் கேட்டனான். நிலைச்சுப் போன ஏஎஃப் உள்ள 589 பேரிலை 2015இலை உதைச் சோதிச்சுப் பாத்தவை, அது முதல் தர அப்லேஷனிலைதான்: குழாய் வாய் மட்டும் அடைச்ச ஆக்களிலை 59 வீதம் 18 மாசத்துக்கு நல்லா இருந்தவை, கூடக் கோடு கீறின ஆக்களிலை 46. கூடச் சுட்டாக் கூடச் சுகம் எண்டு ஒண்டு இல்லை. அதாலை ரெண்டாம் தரத்துக்குப் போற ஆக்கள் டொக்டரிட்டை கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி, "உள்ளை போய்ப் பாக்கேக்கை நாலு குழாயும் வடிவா அடைபட்டுத்தான் இருக்கெண்டால் என்ன செய்வியள்?" எண்டது. இதுக்கு யோசிச்சு ஒரு பதில் சொல்லுற டொக்டரை நான் நம்புவன். "அதெல்லாம் அப்ப பாப்பம்" எண்டு சிரிச்சவரிட்டை நான் பேந்து போகேல்லை.

ஆபத்து. தொடையடி இரத்தக் குழாயாலை வயரை விட்டு, இதயத்தின்ரை நடுச்சுவரிலை துளை போட்டு இடப்பக்கம் போறது ரெண்டாம் தரமும் அதேதான். தொடையிலை இரத்தம் கட்டுறது சின்னக் கரைச்சல், எனக்கு முதல் தரம் நீலம் பாரிச்சு ரெண்டு கிழமை நிண்டது. இதயத்தைச் சுத்தி இரத்தம் தேங்கிறது நூறிலை ஒராள் அளவிலை நடக்கும், அதைத் தியேட்டரிலையே வடிச்சு எடுப்பினம். பக்கவாதம் அதிலும் குறைவு. ஆனால் ஒண்டை மட்டும் ஊருக்குத் திரும்பி வாற ஒவ்வொருத்தரும் பாடமாக்கி வைக்க வேணும். மேல் அறைக்குப் பின்னாலை ஒட்டினமாதிரி உணவுக்குழாய் போகுது, சூடு அங்கை பிடிச்சால் மிக மிக அரிதா, ஒண்டிலை இருந்து எட்டுக் கிழமைக்குள்ளை, ரெண்டுக்கும் இடையிலை ஓட்டை விழும். காய்ச்சல், விழுங்க நோ, நெஞ்சு நோ, சில நேரம் பக்கவாதம் மாதிரி. அப்ப நீங்கள் சென்னையிலை இல்லை, மானிப்பாயிலையோ பருத்தித்துறையிலையோ வீட்டிலை இருப்பியள், கிட்டடி டொக்டர் வயித்துப்புண் எண்டு நினைச்சு எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பக்கூடும், அதுதான் செய்யவே கூடாதது, அதிலை ஊதிற காத்து இதயத்துக்குள்ளை போயிடும். "எனக்கு அப்லேஷன் செய்து இத்தினை கிழமை" எண்டு முதல் வசனமாச் சொல்லி நெஞ்சுக்கு சீ.ரீ. ஸ்கான் கேக்க வேணும். என்ரை மனிசி உதை ஒரு மட்டையிலை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியிலை ஒட்டி வைச்சவ.

இப்ப புதுசா பல்ஸ்ட் ஃபீல்ட் எண்டு ஒண்டு வந்திருக்கு, சூடும் இல்லை குளிரும் இல்லை, மின்புல அடியாலை இதயத் தசையின்ரை கலங்களை மட்டும் கூடுதலாத் தாக்கிறது, உணவுக்குழாய், மூச்சுவிடுற தசைக்குப் போற நரம்பு எல்லாம் பெரும்பாலும் தப்பும். 2023இலை 607 பேரிலை பழைய முறையோட ஒப்பிட்டவை, பலன் ஏறக்குறைய ஒரே அளவு, நேரம் குறைவு. அதாலை "புது மெஷின் இருக்கு, நூத்துக்கு நூறு" எண்டு ஆரும் விளம்பரம் காட்டினால் நிதானமாக் கேளுங்கோ, உணவுக்குழாய் மாதிரிப் பக்கத்து உறுப்புகள் தப்பிறதிலைதான் லாபம், அந்த ஆய்விலை பலனிலை இல்லை. அதுக்கும் தனக்கெண்டு கரைச்சல் இருக்கு, இதய நாடி இறுகிறது, இரத்தக் கலங்கள் உடைஞ்சு சிறுநீரகத்துக்குப் பாரம் குடுக்கிறது எண்டு.

எங்கை செய்யிறது எண்டது எங்கட ஆக்களுக்கு வருத்தத்தை விடப் பெரிய கேள்வி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்கிலை காட்டிக் கடிதம் வாங்கி கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போனால் காசு இல்லை, வரிசை இருக்கும். கொழும்பிலை தனியார், இல்லாட்டிச் சென்னை எண்டால் லட்சக்கணக்கிலை. பலாலியிலை இருந்து சென்னைக்கு பிளைற் ஓடுறதாலை, ராத்திரி பஸ்ஸிலை ஏ9 றோட்டாலை கொழும்புக்குப் போற அலுப்பை விடச் சென்னை கிட்ட எண்டு ஒரு நினைப்பு வந்திட்டுது எங்களுக்கு. எனக்கும் வந்ததுதான். ஆனால் போய் வாற தூரம் மட்டும் இல்லை கணக்கு, செய்து பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு இடிச்சால் ஆரை எழுப்புறது எண்டதும் கணக்குத்தான். சென்னையிலை செய்த டொக்டருக்கு வாட்ஸ்அப் போட்டால் அவற்றை உதவியாளர் மூண்டாம் நாள் ஒரு கைகூப்பிற படம் அனுப்பினவர். காசு கேக்கேக்கை இன்னொண்டு, பக்கேஜ் எண்டு சொல்லுற தொகைக்குள்ளை கதீட்டர், மப்பிங் பட்ச், இதயத்துக்குள்ளை இரத்தக்கட்டி இருக்கோ எண்டு பாக்கிற ஸ்கான், ஐசியூ நாள் எல்லாம் அடங்குதோ எண்டு எழுத்திலை வாங்குங்கோ. சாமானிலைதான் காசு போகுது, அறை வாடகையிலை இல்லை. இந்திய ரூபாவிலை சொன்ன தொகையைக் கேட்டு மலிவு எண்டு சந்தோசப்படாதேங்கோ, அங்கத்தை ஒரு ரூபா எங்கட மூண்டு ரூபாவுக்கு மேலை. ஆரிட்டைப் போனாலும் முதல் தரம் செய்த ஒப்பரேசன் குறிப்பு கையிலை இருக்க வேணும், வெறும் டிஸ்சார்ஜ் கார்ட் இல்லை, எந்தக் குழாயை எதாலை எப்பிடி அடைச்சது எண்ட முழு ரிப்போட். எனக்கு அதை எடுக்கிறதுக்கு ரெண்டரை மாசம் போனது.

இனிக் குளிசை. துடிப்பை ஒழுங்கா வைச்சிருக்கிற குளிசையளிலை எங்கட பக்கம் கூட எழுதுறது அமியோடரோன். வேலை செய்யும், அதை மறுக்கேலாது. ஆனால் அந்தக் குளிசையின்ரை நிறையிலை மூண்டிலை ஒரு பங்குக்கு மேலை அயடீன், அதாலை தைரொயிட்டைக் குழப்பும், ஈரல், நுரையீரல், கண் எல்லாத்தையும் ஆறு மாசத்துக்கு ஒருக்காவோ வருசத்துக்கு ஒருக்காவோ பாக்க வேணும், வெய்யில் பட்டால் தோல் எரியும். யாழ்ப்பாணத்திலை வெய்யில் படாமல் இருக்க ஆராலை ஏலும்! நிப்பாட்டினாலும் மாதக்கணக்கிலை உடம்பிலை கிடக்கும். 54 வயசிலை இனி ஒரு இருவது முப்பது வருசத்துக்கு உதைக் குடிக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை, ஒரு மூண்டு மாசம் இடைக்காலத்துக்கு எண்டால் சரி. ஃபிளெக்கனைட் இளம் ஆக்களுக்கு, இதயம் வேறை விதத்திலை நல்லா இருந்தால் நல்ல குளிசை, ஹார்ட் அட்டாக் வந்த ஆக்களுக்குக் கூடாது. சொட்டலோல் எண்டால் சிறுநீரகமும் ஈசிஜியும் பாத்துப் பாத்துக் குடுக்க வேணும். எதைத் தொடங்க முதலும் பார்மசியிலை போய் "இது தொடந்து வருமோ" எண்டு கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ. 2022இலை மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் ஆக்கள் ஒரு அட்டைக் குளிசைக்கு கடை கடையா அலைஞ்சது மறக்கேல்லைத்தானே.

இனிச் சொல்லப்போறது எனக்கே வெக்கமான பகுதி. முதல் அப்லேஷன் முடிஞ்சு வெளிக்கிடேக்கை டொக்டர் சொன்னவர், நிறையைக் குறை, குறட்டைக்கு டெஸ்ட் செய், பிறஷரைப் பிடி, குடியை விடு. நான் ஓமோம் எண்டுபோட்டு வந்து ஒண்டும் செய்யேல்லை, சுகமாயிட்டுது எண்ட துணிவு. 93 கிலோ. சனிக்கிழமை பின்னேரத்திலை தவறணைப் பக்கம் ஒரு போத்தில் கள்ளு, பனங்கள்ளு எல்லோ, உடம்புக்குக் குளிர்ச்சி எண்டு எனக்கு நானே ஒரு நியாயம். திரும்ப வந்தாப் பிறகுதான் வாசிச்சன். ஆஸ்திரேலியாவிலை அடிலெயிட் ஆக்கள் 2015இலை வெளியிட்டது, நிறையிலை பத்து வீதமோ கூடவோ குறைச்சு வைச்சிருந்த ஆக்களிலை பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் அப்லேஷனும் இல்லாமல் குளிசையும் இல்லாமல் ஏஎஃப் இன்றி இருந்திருக்கினம். 2020இலை அதே நாட்டிலை, வழமையாக் குடிக்கிற 140 பேரிலை பாதியை ஆறு மாசம் குடியை விடச் சொன்னவை, விட்ட ஆக்களிலை 53 வீதத்துக்குத் திரும்ப வந்தது, விடாத ஆக்களிலை 73. நான் எட்டு மாசத்திலை 83 கிலோவுக்கு வந்திட்டன், குறட்டை டெஸ்டிலை மூச்சு நிண்டு நிண்டு வாறது எண்டு வர இரவிலை மெஷின் மாட்டிக்கொண்டு படுக்கிறன், மனிசி முதல் நாள் பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சவ, இப்ப அவவுக்கும் நித்திரை வருது எண்டு சந்தோசம். கொப்பியிலை மாசத்துக்கு நாலைஞ்சு இருந்தது இப்ப ரெண்டு, அதுவும் மூண்டு நாலு மணித்தியாலம்.

பாத்தியளோ, இதுதான் முடிவைக் குழப்பினது. ரெண்டுதானே, பொறுக்கலாம்தானே எண்டு ஒரு மனம். ஆனால் அந்த ரெண்டு எப்ப வரும் எண்டு தெரியாததாலை லொறி ஓட்டிக்கொண்டு வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போறதை விட்டிட்டன், மகளின்ரை அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையிலை இருக்காமல் வாசலடியிலை இருந்தனான், எழும்பி ஓட வசதியா. வந்த நாள் ரெண்டு, பயந்த நாள் முப்பது. கொப்பியிலை அதுக்கு ஒரு வரி இல்லை. பலன் எல்லாம் மனசுதானோ எண்ட சந்தேகம் எனக்கும் இருந்தது, அதுக்கும் 2024இலை இங்கிலாந்திலை 126 பேரிலை பாத்திட்டினம், பாதிப் பேருக்கு உண்மையான அப்லேஷன், பாதிப் பேருக்கு அது மாதிரி நடிப்பு மட்டும். நடிப்பிலையும் ஏஎஃப் நேரம் 35 வீதம் குறைஞ்சது, உண்மையிலை 60. வித்தியாசம் உண்மை.

பெரியம்மாவின்ரை கதைக்கு வாறன். அவவுக்கு மூண்டு வழி இருந்தது. திரும்ப அப்லேஷன், எனக்கு மேலை சொன்ன காரணத்தாலை வேண்டாம் எண்டே பட்டது. ரெண்டாவது, துடிப்பு எப்பிடியும் ஓடட்டும், வேகத்தை மட்டும் பிடிச்சு வைக்கிறது. 2002இலை அமெரிக்காவிலும் கனடாவிலும் 4060 பேரிலை, சராசரி எழுபது வயசு ஆக்களிலை, துடிப்பைத் திருத்த குளிசை குடுத்த ஆக்களையும் வேகத்தை மட்டும் பிடிச்ச ஆக்களையும் ஒப்பிட்டவை, உயிர் தப்பிறதிலை திருத்தின பக்கத்துக்கு ஒரு லாபமும் இல்லை. ஒரு நெதர்லாந்து ஆய்வு 2010இலை, சும்மா இருக்கேக்கை துடிப்பு நிமிசத்துக்கு 80க்குக் கீழை தான் வைக்கவேணும் எண்டில்லை, 110க்குக் கீழை இருந்தாலும் மோசம் இல்லை எண்டு காட்டினது. பெரியம்மாவுக்கு வேகத்தைக் குறைக்கிற பிசோப்ரோலோல் குளிசை சின்ன அளவிலை குடிச்சே 84இலை நிக்குது. காலமை முத்தம் கூட்டுறா, பூ ஆயுறா, கோயிலுக்குப் போறா. ஏஎஃப் இருக்கு எண்டு ஈசிஜிக்குத்தான் தெரியும், அவவுக்குத் தெரியாது. ஒண்டு கவனிக்க வேணும், இதயத்தின்ரை பம்பிங் குறைஞ்சு போன ஆக்களுக்கு இந்தக் கணக்கு மாறும், 2018இலை 363 பேரிலை செய்த ஆய்வு அப்பிடியான ஆக்களுக்கு அப்லேஷனாலை சாவே குறைஞ்சதெண்டு காட்டினது. அவவின்ரை பம்பிங் நல்லா இருக்கு.

மூண்டாவது வழி பேஸ்மேக்கர் வைச்சு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலை இருக்கிற கரண்ட் சந்தியைச் சுட்டுவிடுறது. இது லேசான வேலை, படபடப்பு அண்டையோட நிக்கும், அரைமணிக்கு ஒருக்கா குளிசை தேட வேண்டாம். ஆனால் சுட்டது சுட்டதுதான், திரும்பாது, பேந்து சீவன் அந்தப் பெட்டியை நம்பித்தான், பற்றறி பத்து வருசம் அளவிலை மாத்த வேணும். குளிசைக்கு அடங்காத வேகம், களைப்பு, வயசு போன ஆள் எண்டால் நான் உதை ரெண்டாம் அப்லேஷனுக்கு மேலை வைப்பன். பெரியம்மாவுக்கு வேகம் அடங்கியிருக்கு, அதாலை இப்ப தேவையில்லை, அடங்காத நாள் வந்தால் அதுதான். எனக்கு 54இலை உது கடைசிக் கதவு. நெஞ்சைத் திறந்து மேல் அறையிலை வடுக்கோடு போடுற மேஸ் ஒப்பரேசன் பற்றி நீட்டேல்லை, வால்வுக்கோ பைபாஸுக்கோ எப்பிடியும் நெஞ்சைத் திறக்கிற ஆள் எண்டால் கூடவே செய்யலாம், மற்றாக்கள் அங்கை போகத் தேவையில்லை.

இதெல்லாத்துக்கும் அப்பாலை நிக்கிற ஒண்டு இரத்தம் கட்டாமல் இருக்கக் குடிக்கிற குளிசை. இதைத்தான் எங்கட ஆக்கள் கூடப் பிழை விடினம். அப்லேஷன் செய்து துடிப்புச் சரியானால் உதை நிப்பாட்டலாம் எண்டு நினைக்கினம். இல்லை. செய்தாப் பிறகு ரெண்டு மூண்டு மாசம் எல்லாருக்கும் கட்டாயம், அதுக்குப் பிறகு முடிவு துடிப்பைப் பாத்து இல்லை, பக்கவாத ஆபத்தைப் பாத்து. அதுக்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கு: 75 வயசும் அதுக்கு மேலையும் எண்டால் 2 புள்ளி, 65 இலிருந்து 74 எண்டால் 1, முந்திப் பக்கவாதம் வந்திருந்தால் 2, பிறஷர், சுகர், இதயம் பலவீனம், நாடி அடைப்பு ஒவ்வொண்டுக்கும் 1. முந்திப் பெண் எண்டதுக்கும் ஒரு புள்ளி போட்டவை, 2024இலை ஐரோப்பாக்காரர் அதை எடுத்திட்டினம். பெரியம்மாவுக்கு வயசு, பிறஷர், சுகர் எண்டு 4, அப்ப அப்லேஷன் செய்தாலும் ஒண்டுதான் செய்யாட்டியும் ஒண்டுதான், இரத்தம் கட்டாமல் இருக்கிற அபிக்சபான் குளிசை சீவனுள்ளவரைக்கும். எனக்குப் பிறஷருக்கு 1, டொக்டரோட கதைச்சு முடிவெடுக்கிற இடம். வாதக் காய்ச்சலாலை மைட்ரல் வால்வு சுருங்கின ஆக்கள் இந்தக் கதைக்குள்ளை வராதேங்கோ, உங்களுக்கு இரத்தம் கட்டாமல் இருக்கிற பழைய குளிசை வாஃபரின்தான், 2022இலை வந்த ஆய்விலை புதுக் குளிசை வாஃபரினுக்குத் தோத்துப்போனது, வல்லாரையும் முருங்கையிலையும் ஒரு நாள் சட்டி நிறைய, ஒரு நாள் ஒண்டுமில்லை எண்டு இல்லாமல் ஒரே அளவாச் சாப்பிட்டு, இரத்தம் கட்டுற அளவைக் காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாருங்கோ. வாய் கோணினால், கை விழுந்தால் ஏஎஃப்போ வேறையோ எண்டு யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

நான் எடுத்த முடிவு: ரெண்டாம் தரம் செய்யிறது, ஒரே ஒருக்கா. குழாயிலை பொட்டு இருந்தால் அடைக்கட்டும், எல்லாம் அடைபட்டிருந்தால் கண்டபாட்டுக்குச் சுடாமல் வெளியிலை வரட்டும் எண்டு டொக்டரிட்டைச் சொல்லி, அவர் ஓம் எண்டு தலையாட்டினவர். சென்னை இல்லை, கொழும்பு வரிசை. மாசத்துக்கு ரெண்டு தரம் வாற ஆளுக்கு வரிசையிலை நிக்க நேரம் இருக்கு, அந்த நேரத்திலை இன்னும் ரெண்டு மூண்டு கிலோ குறைச்சால் அது எனக்குத்தான் லாபம். வரிசை வர முதல் துடிப்பு வந்து குந்திக்கொண்டு நாள்கணக்கிலை போகாமல் நிண்டால், அப்ப காத்திருக்க மாட்டன், கடைக் காணி அடகு வைச்சாலும் சென்னைக்குப் போறது எண்டு மனிசியோட கதைச்சு வைச்சிருக்கிறன். கடிதம் கையிலை, பழைய ரிப்போட் கையிலை. பெரியம்மா நேற்றுப் பின்னேரம் வேலிப் பொட்டாலை குனிஞ்சு வந்து, தன்ரை குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சு, "எனக்கு ஒழுங்கா கிழமைக்கு அடுக்கித் தந்திட்டுப் பேந்து நீ கொழும்புக்குப் போ" எண்டவ.